முதல் டப் வழியுது, கடைசி டப் காயுது: ஹைட்ரோபோனிக்ஸில் தண்ணீரைச் சமப்படுத்துவது எப்படி?

மண்ணில்லாமல் சத்துநீரில் செடி வளர்ப்பதுதான் ஹைட்ரோபோனிக்ஸ். பாளையங்கோட்டை மொட்டை மாடியில், ஒரே மோட்டாரில் வரிசையாக நாலு டப் வைத்திருக்கிறேன், முதல் டப் வழிகிறது, கடைசி டப் காய்கிறது என்று கேட்கிறீர்கள். வழிவதும் காய்வதும் தனித்தனிக் கோளாறு.

காய்வது வரத்துக் குழாயால். தடை குறைவான பக்கம்தான் தண்ணீர் பாயும். முதல் டப் அள்ளிக்கொள்கிறது. மோட்டாரிலிருந்து வரும் மெயின் குழாயை 25 மி.மீ. ஆக்கி, கடைசி முனையை மோட்டார் பக்கம் திருப்பி வளையமாக இணையுங்கள். டப்புக்கு ஒரு 12 மி.மீ. கிளை, அதில் பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது). எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து, ஒரு லிட்டர் மக் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். வேகமாக வருவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, நாலும் 30 விநாடிக்கு வரட்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். இரண்டு மூன்று சுற்று ஆகும்.

வழிவது வடிகாலால். வால்வை மூடி இதைத் தீர்க்கப் பார்க்காதீர்கள். டப்பின் நீர்மட்டத்தை முடிவுசெய்வது வடிகால் வாயின் உயரம். 40 மி.மீ. குழாய், மோட்டார் தண்ணீர் எடுக்கும் தொட்டி வரை ஒரே சரிவு. நடுவில் மேடு தட்டினால் காற்றடைத்து, கடகடவென்று விட்டுவிட்டு ஓடும். மாடித் தளமே மழைநீருக்காக வாட்டம் விட்டதுதானே. டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) பிடித்து, தாழ்ந்த டப்புக்கு அடியில் கல் கொடுங்கள். தக்காளி என்றால் வடிகால் வாய்க்கு வலை கட்டாயம், வேர் உள்ளே போய் அடைக்கும். கீரைக்கு அவ்வளவு பயமில்லை.

வரத்துக் குழாயின் நுனி தண்ணீருக்குள் முங்கக்கூடாது. முங்கினால் கரண்ட் போனதும் டப் தண்ணீர் அதே குழாய் வழியே தொட்டிக்கு இறங்கிவிடும்.

உப்பான போர்வெல் தண்ணீரா? வால்வில் வெள்ளைப் பொருக்கு கட்டும். மாதம் ஒருமுறை மக் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.