ஸ்பிரிங்கை வெட்டினால் வளைவில் சாயாதா?

கேள்வி: ஆறு வருடமாக ஓட்டிவரும் சிறிய கார் என்னுடையது. வளைவுகளில் மிகவும் சாய்கிறது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியும் பார்க்க நன்றாக இல்லை. ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கார் 50 மில்லிமீட்டர் இறங்கிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வெட்ட வேண்டாம். அதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சுற்று குறைந்த ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காராது. பெரிய பள்ளத்தில் சக்கரம் கீழே தொங்கும்போது இடம் விட்டு நகரவும் கூடும்.

காரைத் தாழ்த்துவது வேறு பேச்சு. உங்கள் கடிதத்தில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன: சாயக் கூடாது, அழகாகத் தெரிய வேண்டும். முதல் ஆசைக்குத் தாழ்த்துவதுதான் மருந்து என்று நினைத்துவிட்டீர்கள். ஆறு வருடம் ஓடிய காரில் நான் முதலில் சந்தேகப்படுவது ஷாக் அப்சார்பரைத்தான். அதில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். காரின் ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். மேலே எழுந்து அடங்காமல் இரண்டு மூன்று முறை ஆடினால் அதன் ஆயுள் முடிந்தது. ஆடாவிட்டால் நல்ல நிலையில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாதி தேய்ந்தது இந்தச் சோதனையில் தப்பிவிடும். ரப்பர் புஷ்களையும் டயரின் காற்றையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

உயரம் குறைந்தால் காரின் எடை தரைக்கு நெருங்கும், அது நல்லதுதான். ஆனால் சிறிய கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு. காரை அதிகம் இறக்கினால், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். கார் எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ, அந்தப் புள்ளி காரின் உடலைவிட வேகமாகக் கீழிறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடுவதால், சாய்க்கும் நெம்புகோல் நீண்டுவிடுகிறது. சாய்வைக் குறைக்க இறக்கிய கார், ஸ்பிரிங் போதிய அளவு விறைப்பாக இல்லாவிட்டால், முன்னைவிட அதிகமாகச் சாயும்! விறைப்பாக்கினாலோ, ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் தெரியும்.

அழகைப் பற்றி நான் வாதாட மாட்டேன். ஒன்று மட்டும்: தாழ்த்திய கார்களின் படங்களில் பெரும்பாலும் கார் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

பழுதுகளைச் சரிசெய்த பிறகும் ஆசை விடவில்லையென்றால், 25 மில்லிமீட்டரோடு நிறுத்துங்கள். உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே மாற்றுங்கள். அதற்கு முன், காரில் ஐந்து பேரை உட்காரவைத்து, டிக்கியில் பெட்டிகளை ஏற்றி, வழக்கமாகப் போகும் பாதையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இப்போதே வேகத்தடையில் அடிப்பாகம் உரசினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மாற்றினால் அன்றே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். தவறினால் டயரின் உட்பக்கம் மட்டும் தேயும், வெளியே நின்று பார்ப்பவருக்கு அது தெரியாது. ஹெட்லைட்டின் கோணத்தையும் திருத்துங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.