தாடை அறுவை சிகிச்சை: கிளிப் மாட்டும் முன்பே எடுக்க வேண்டிய முடிவு

கேள்வி: எனக்கு 24 வயது. கீழ்த்தாடை உள்வாங்கினாற்போல் இருக்கிறது. மேல் முன்பற்கள் கொஞ்சம் எடுப்பாக நிற்கும். பக்கவாட்டில் எடுத்த படங்களைப் பார்க்கவே பிடிப்பதில்லை. சாப்பிடுவதில் சிரமம் எதுவும் இல்லை. ஒரு டாக்டர், கிளிப் போட்டு தாடை ஆபரேஷனும் செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர், மேலே இரண்டு பற்களைப் பிடுங்கிவிட்டு கிளிப் போட்டாலே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? அழகுக்காக மட்டும் இவ்வளவு பெரிய ஆபரேஷன் தேவையா?

பதில்: இரண்டு டாக்டர்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம். ஒருவர் உங்கள் எலும்பைச் சரிசெய்யப் பார்க்கிறார், மற்றவர் பற்களை. ஆனால் இரண்டில் எது என்ற முடிவைக் கிளிப் மாட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

கீழ்த்தாடை பின்னால் இருந்தால், மேல்பற்களை எட்டிப் பிடிக்கக் கீழ் முன்பற்கள் தாமாகவே முன்னோக்கிச் சாய்ந்து வளர்ந்திருக்கும். பற்களைப் பிடுங்கிச் செய்யும் சிகிச்சையில் இந்தச் சாய்வை அப்படியே விட்டுவிட்டு, கோரைப்பல்லுக்கு அடுத்த பல்லை இரண்டு பக்கமும் எடுத்து, அந்த இடத்துக்குள் மேல் முன்பற்களைப் பின்னே இழுப்பார்கள். பல்வரிசை நன்றாகப் பொருந்திவிடும். ஆனால் முகவாய் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். மேலுதடு சற்று உள்ளே போவதால், சிலருக்கு மூக்கு முன்பைவிடப் பெரிதாகத் தெரியவும் செய்யும்.

அறுவை சிகிச்சைக்கான கிளிப் இதற்கு நேர் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. முன்னே சாய்ந்த கீழ்ப்பற்களை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோவார்கள். அதனால் மேல்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் உள்ள இடைவெளி இன்னும் கூடும். எந்தத் தோற்றத்துக்காகச் சிகிச்சைக்கு வந்தீர்களோ, அது ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை இன்னும் மோசமாகத் தெரியும். அப்படி உண்டாக்கிய இடைவெளியில்தான் தாடையை முன்னே கொண்டுவர முடியும். ஆகவே, "முதலில் கிளிப் போடுவோம், ஆபரேஷனை அப்புறம் யோசிப்போம்" என்று யாராவது சொன்னால், எந்த வகைக் கிளிப் என்று கேளுங்கள். ஒரு பாதையில் பாதி தூரம் போய்த் திரும்பினால், பற்களை மறுபடி எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். பிடுங்கிய பல் திரும்பி வராது.

அழகுக்காக மட்டும் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். தோற்றம் பற்றிய வருத்தம் போலிக் காரணம் அல்ல. எனக்கு வலி இருக்கிறது என்று சாக்குச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் உங்களை உறுத்துவது தாடைதானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். கை நீட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். அந்தத் தூரத்தில் கேமரா மூக்கைப் பெரிதாக்கிக் காட்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இன்னொருவரை ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, இயல்பாக நிற்கும் உங்களைப் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு கீழ்த்தாடையை மெதுவாக முன்னே நகர்த்தி, முன்பற்கள் சரியாகப் பொருந்தும் இடத்தில் நிறுத்தி, உதடுகளை இறுக்காமல் மூடி, இன்னொரு படம். நாங்களும் பரிசோதனை அறையில் இதைத்தான் செய்து பார்க்கிறோம். இரண்டாவது படத்தில் தெரிவது நீங்கள் விரும்பிய முகம் என்றால், குறை கீழ்த்தாடையில் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் பிடிக்கவில்லை என்றால், மேல்தாடையோ மூக்கோ கழுத்துச் சதையோ காரணமாக இருக்கலாம். தாடையை முன்னே கொண்டுவந்து மூக்கின் குறையைத் தீர்க்க முடியாது.

முகவாய் நுனி மட்டும் சிறியதாக இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜீனியோபிளாஸ்டி என்ற சிறிய அறுவை சிகிச்சையே போதும். வாய்க்குள் வழியாக முகவாய் எலும்பை வெட்டி, முன்னே நகர்த்தி, டைட்டானியம் பிளேட் வைத்துப் பொருத்துவார்கள். பற்கள் பொருந்தும் விதம் மாறாது, கிளிப்பும் தேவையில்லை. உங்களுக்கு மேல்பற்கள் எடுப்பாக இருப்பதால் இது மட்டும் போதும் என்று சொல்லத் தயங்குகிறேன். ஆனால் பற்களைப் பிடுங்கும் சிகிச்சையோடு இதைச் சேர்ப்பது என்று மூன்றாவது வழியும் இருக்கிறது. அதை இரண்டு டாக்டர்களும் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

அடுத்து, பக்கவாட்டு எக்ஸ்ரேயான செஃபலோகிராமில் வந்த அளவுகளைக் கேட்டு வாங்குங்கள். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட 2 முதல் 3 மி.மீ. முன்னே இருப்பது இயல்பானது. உங்களுக்கு 4, 5 மி.மீ.தான் என்றால், பெரிய ஆபரேஷனுக்கு நான் அவசரப்பட மாட்டேன். 8, 9 மி.மீ. இருந்து, எலும்பும் பின்தங்கியிருப்பதாக எக்ஸ்ரே காட்டினால், பற்களை மட்டும் இழுத்துச் சமாளிப்பது முகத்துக்கு நல்லதல்ல என்பது என் கருத்து.

சாப்பிடுவதில் சிரமமில்லை என்றீர்கள். தூக்கம் எப்படி? குறட்டை, மூச்சுத் திணறி விழிப்பது, பகலில் சோர்வு இவை இருந்தால் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிறிய கீழ்த்தாடை மூச்சுப் பாதையையும் குறுக்கும். அப்படியானால் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல.

இனி இதில் உள்ள பாதிப்புகள். கீழ்த்தாடையை வெட்டும் இடத்தை ஒட்டியே, கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பின் அந்தப் பகுதி மரத்துப்போவது ஏறக்குறைய எல்லோருக்கும் நேர்வதுதான். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாக நின்றுவிடும். அது உணர்ச்சி நரம்பு மட்டுமே என்பதால் உதட்டின் அசைவு கெடாது. இந்த மரப்போடு வாழ முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்கு முன்னால் உள்ள தாடை மூட்டில் வலியோ சத்தமோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சிறிய கீழ்த்தாடை கொண்ட இளம்பெண்களில் சிலருக்கு, ஆபரேஷனுக்குப் பின் அந்த மூட்டு எலும்பு கரைந்து தாடை மீண்டும் பின்வாங்குவதுண்டு.

வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், சில வாரங்களில் பெரும்பகுதி வடியும். முகம் தன் வடிவத்துக்கு வர ஆறு மாதம் முதல் ஓராண்டு ஆகும். சுமார் ஆறு வாரம் கூழும் மென்மையான உணவும்தான். முதல் வாரங்களில் கண்ணாடியில் வேறு ஆள் நிற்பதுபோல் தோன்றி மனம் சோர்ந்துபோகிறவர்கள் பலர். அப்போது வீட்டில் யாராவது துணைக்கு இருக்க வேண்டும். ஏதேனும் நிகழ்ச்சிக்குத் தேதி குறித்துவிட்டு, அதற்குள் முடித்துத் தரச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கணினியில் காட்டும் "ஆபரேஷனுக்குப் பின்" படத்தைப் பார்க்கலாம், ஆனால் அதை ஒப்பந்தமாக நினைக்க வேண்டாம். முகவாய் ஏறக்குறைய எலும்போடு சேர்ந்து நகரும். உதடுகள் அப்படிச் சொன்னபடி கேட்பதில்லை.

ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்காதீர்கள். தாடையைப் பற்றிய நினைப்பிலேயே தினமும் மணிக்கணக்காகப் போகிறதா? மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறை உங்களை வெளியே போகவிடாமல் செய்கிறதா? ஆம் என்றால் முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர் என்ற அந்தச் சிக்கல் இருப்பவர்களுக்கு, ஆபரேஷன் எவ்வளவு நன்றாக முடிந்தாலும் பெரும்பாலும் திருப்தி கிடைப்பதில்லை. அதற்கான சிகிச்சை வேறு.

அப்படி எதுவும் இல்லை என்றால், இரண்டு படங்களையும் எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு, பல் சீரமைப்பு நிபுணரும் தாடை அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் இடத்துக்குப் போங்கள். எதுவுமே செய்யாமல் இருந்தால் பத்தாண்டில் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். அதுவரை பல் பிடுங்கத் தேதி வாங்க வேண்டாம்.