வாசகர் கேள்வி பதில்: வயதானவர்களுக்கு எந்தச் செருப்பு?

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது. குதிகால் வலி இருப்பதால் வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்புதான். இந்த ஒரு வருடத்தில் இரண்டு தடவை தடுமாறி விழுந்துவிட்டார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மெத்து மெத்தென்று ஒரு ஷூ வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?
— வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்த ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம், அதிலும் வெளி ஓரம், வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் இன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள். நடக்கும்போது தரையில் முதலில் படுவது குதிகாலின் பின்விளிம்பு. கால் வழுக்குவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான். முன்பக்கம் புதுசு போல இருக்கிறதே என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேயாத செருப்பானாலும் பின்னால் பிடிப்பு இல்லையே! நடுக்குமிழை விரல்களால் கவ்விக்கொண்டேதான் நடக்க வேண்டும். காலை வீசி வைக்கையில் விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். காலைத் தேய்த்து நடப்பவருக்கு அதுவும் இருக்காது. செருப்பின் நுனி மடங்கி, மிதியடியிலோ நிலைப்படியிலோ மாட்டினால் ஆளைத் தள்ளிவிடும்.

மெத்து மெத்தென்ற ஷூவும் வேண்டாம். தரை எப்படி இருக்கிறது, உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று உள்ளங்கால் நரம்புகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தடித்த ஸ்பாஞ்ச் அதை மழுங்கடித்துவிடும். மெத்தைமேல் நின்றால் நமக்கே கால் ஆடுகிறதல்லவா? குதிகால் வலிக்கு மெல்லிய பட்டை ஒன்றை உள்ளே வைத்தாலே போதும்.

கடைக்கு மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அவரையே கூட்டிப் போங்கள். நிற்க வைத்து, இரண்டு பாதங்களில் பெரியதற்கு அளவெடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் வேண்டும். குதிகால் அகலமாகவும், 2.5 சென்டிமீட்டருக்கு மேல் உயராமலும் இருக்கட்டும். ஷூவின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. இரு கையாலும் மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் இரண்டாக மடிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

குனிந்து லேஸ் கட்ட முடியாதவருக்கு வெல்க்ரோ வசதி. அதில் நூலும் முடியும் அடைந்தால் பிடி விட்டுப்போகும். பழைய டூத் பிரஷ்ஷால் அவ்வப்போது தேய்த்து எடுங்கள். ஷூவே மாட்டேன் என்றால், குதிகாலைச் சுற்றிப் பின்வார் வைத்த சாண்டல் வாங்குங்கள்.

ஒன்று மட்டும் தவறக் கூடாது. வருடத்தில் இரண்டு முறை விழுந்தவரை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரை உட்படச் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். கண்ணையும் பரிசோதியுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் செருப்பா என்று அப்பா கோபிக்கிறார். வெறுங்கால் நல்லதுதானே?
— வாசகர், கும்பகோணம்

பதில்: அவர் கோபம் நியாயமானது; வெளியே போட்ட செருப்பு உள்ளே வர வேண்டாம். வாசல் தாண்டாத ஒரு ஜோடியைத் தனியாக வாங்கி வையுங்கள். வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளில், ஷூ போட்டவர்களைவிட வீட்டுக்குள் வெறுங்காலோடும் வெறும் சாக்ஸோடும் நடந்த முதியவர்களே அதிகம் விழுந்திருக்கிறார்கள். ஆயுள் முழுக்க வெறுங்காலில் நடந்து பழகிய கால் திடமாக இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பளபளக்கும் டைல்ஸில் சாக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். முட்டிக்குத் தைலம் தேய்த்தால் அது உள்ளங்காலுக்கும் வழிந்திருக்கும். துணியால் துடைத்த பிறகே எழுந்து நடக்கட்டும்.

கேள்வி: கணவருக்கு 15 வருடமாகச் சர்க்கரை. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் நடக்கிறார்.
— வாசகி, சேலம்

பதில்: பாதம் மரத்துப்போயிருக்கிறது. நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் சர்க்கரை டாக்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வலியே இல்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மெத்து வேண்டாம் என்று மேலே சொன்னது இவருக்கு அப்படியே பொருந்தாது. புண் வராமலிருக்க எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) என்னும் மெத்தான ரப்பர் வேண்டும். அதன் அடியில் கெட்டியான அடிப்பாகம், மேலே அகலமான வெல்க்ரோ வார், பின்வார் மூன்றும் இருக்கட்டும். விரலிடுக்கில் குமிழ் உள்ள மாடல் ஆகாது. அந்த இடுக்கில்தான் புண் வரும். ஒவ்வொரு முறையும் போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லோ ஆணியோ இருந்தால் அவர் காலுக்குத் தெரியாது.

கேள்வி: பாத்ரூமுக்குத் தனிச் செருப்பு வேண்டுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வைக்கலாம். பின்வாரும், தண்ணீர் வடியத் துளைகளும், அடியில் ஆழமான வரிகளும் இருக்கட்டும். சோப்பு நுரை படிந்தால் அதுவும் வழுக்கும் என்பதால் அடிப்பக்கத்தையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். அதைவிட அவசியம், சுவரில் திருகி இறுக்கிய ஒரு கைப்பிடி. செருப்பை ஒற்றைக் காலில் நின்று மாட்டாமல் உட்கார்ந்து மாட்ட, வெளியே ஒரு நாற்காலியும் போட்டு வையுங்கள்.