எக்செல் அட்டவணையில் அலகு மாற்றத்துக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

காசிமேட்டில் மீன் ஏற்றுமதிக் கணக்கு பார்க்கும் பையன்களுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். அலகு மாற்றும் கன்வெர்ட் (CONVERT) சூத்திரத்தின் வடிவம் ஒரு வரியில் முடிந்துவிடும்: எண், எந்த அலகிலிருந்து, எந்த அலகுக்கு. குறிப்பில் இடம் கொடுக்க வேண்டியது அலகுக் குறியீடுகளுக்குத்தான்.

முக்கியமாக டன். எக்செல்லில் 'டன்' (ton) என்ற குறியீடு அமெரிக்க டன், அதாவது 2000 பவுண்டு, சுமார் 907 கிலோ. நம் எடைமேடையில் டன் என்றால் 1000 கிலோ. பத்து டன் ஐஸுக்கு 900 கிலோவுக்கு மேல் துண்டு விழும். பிழைச் செய்தி எதுவும் வராது, அதுதான் ஆபத்து. "கிலோவை 1000-ஆல் வகுக்கவும், டன் குறியீடு வேண்டாம்" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். கேலனும் அப்படியே: வெறும் குறியீடு அமெரிக்க கேலன், 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர், அதற்குத் தனிக் குறியீடு.

அப்புறம், குறியீடுகளில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. கிலோவை மீட்டராக மாற்றச் சொன்னால் 'என்ஏ' (#N/A) பிழை வரும்.

பாகம் கணக்கில், அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்தால், வலைக் கயிறு அளந்தால், ஒரு பாகத்துக்கு எத்தனை மீட்டர் என்பதைத் தனிக் கட்டத்தில் வைத்து, சூத்திரம் அதைப் பார்க்கட்டும். ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும், சரிதானே?