வாசகர் கேள்வி பதில்: பீடித்தட்டும் வில்லுப்பாட்டும்

மகளிர் தினத்தை உங்கள் ஊரில் எப்படி நடத்துகிறீர்கள் என்று கேட்டிருந்தோம். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம், விக்கிரமசிங்கபுரம் பக்கமிருந்து கேள்விகளாகவே வந்து குவிந்தன. ஊர்க்கலைக் குழுக்களோடும் தொழிற்சங்கப் பெண்களோடும் இணைந்து விழா நடத்துகிறவர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: வருஷா வருஷம் கோலப்போட்டியும் இசை நாற்காலியும் வைக்கோம். இந்தத் தடவை, கூலிக்காகப் போராடின பீடி அக்காமாரை மேடையேத்தணும்னு ஆசை. எதுலேர்ந்து தொடங்க?
*சுய உதவிக் குழு உறுப்பினர், முக்கூடல்*

கோலப்போட்டி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பந்தல்காரரிடம் பேசுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். என்ன கேட்டார்கள், எத்தனை நாள் பீடி இலை வாங்காமல் வேலையை நிறுத்தி இருந்தார்கள், யார் வந்து பேசினார்கள், கடைசியில் ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூடியது என்ற நான்கும் தெரியாமல் மேடை போட்டால், "தியாகத் தாய்மார்களே" என்று யாரோ முழங்கிவிட்டுப் போவார். வந்திருக்கும் ஆச்சிமாருக்கு அதில் தங்கள் கதை எதுவும் கேட்காது.

"போராட்டத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தால் ஒரு வரிதான் பதில் வரும். "அன்னைக்குக் காலையில உலை வச்சது யாரு? பிள்ளையை யார்ட்ட விட்டுட்டுப் போனிய?" என்று கேளுங்கள். அதிலிருந்து எல்லாம் வரும். தேதி நினைவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். "தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துக்கு முந்தியா, பிந்தியா?", "மூத்தவளுக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டால் ஆண்டு பிடிபடும். ஒரே சம்பவத்தை இரண்டு பேராவது தனித்தனியே சொன்ன பிறகு பாட்டில் சேருங்கள்.

ஃபோனில் பதிவு செய்யும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின்மேல், அவருக்கு ஒரு முழத் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கையில் பீடித் தட்டு இருந்தால்தான் பேச்சு ஓடும் என்பவர்களும் உண்டு. அவர்கள் இலை நறுக்கட்டும், கத்தரிச் சத்தம் கேட்டால் கேட்கட்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். பேசும் நேரமெல்லாம் அவர்கள் கூலி கரைகிறது.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. பேசுகிறவரோ அவர் மகளோ இன்றும் அதே கடையில் இலை வாங்கிக்கொண்டிருக்கலாம். மேடையில் ஒரு பேரைச் சொன்ன மறுநாள் அவருக்கு இலை குறையலாம், பீடியைச் சரிபார்த்துக் கழிக்கும் செக்கர் கழிவைக் கூட்டலாம். அதனால் எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். எந்தப் பேர் இருக்கலாம், எது வேண்டாம் என்று அவரே சொல்லட்டும். வேண்டாம் என்றதை விழா மேடையில் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிவிடுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

கேள்வி: வில்லுப்பாட்டா வைக்கலாம்னு நினைக்கோம். குழுவை அமர்த்தணுமா, நாங்களே பாடலாமா?
*ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகி*

இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். உடுக்கையும் குடமும் ஆறு வாரத்தில் கைக்கு வராது. அந்த இரண்டுக்கும் தொழில்முறைக் கலைஞர்களை அமர்த்திவிடுங்கள். வில்லைத் தட்டும் வீசுகோல் பிடித்துப் பாடுகிற புலவரும், ஜால்ராவும் கட்டையும் தட்டிப் பின்பாட்டுப் பாடுகிறவர்களும் உங்கள் பெண்களாக இருக்கட்டும். வாரம் இரண்டு மாலை வீதம் ஆறு வாரம் ஒத்திகை போதும். முழுக் குழுவையும் வெளியிலிருந்து அமர்த்தி, விழா நாளில் ஒரு தாளைக் கையில் கொடுத்து "இதையும் சேத்துப் பாடிருங்க" என்றால், தெரிந்த மெட்டு ஒன்றில் நாலு பெயரைச் செருகிப் பாடிவிடுவார்கள். குறை அவர்கள்மேல் இல்லை, அவகாசம் கொடுக்காததில்தான்.

வில்லுப்பாட்டின் அடைவை, அதாவது பகுதிகள் வரும் வரிசையை, மாற்ற வேண்டாம், உங்கள் கதைக்கு அது அப்படியே பொருந்தும். கடவுள் வணக்கமான காப்பு முடிந்ததும் வருபொருள் உரைத்தல்: எந்தப் போராட்டம், எந்த ஊர் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். குருவடி பாடுமிடத்தில், பீடி சுற்றக் கற்றுக் கொடுத்தவர்களையும் முதல் கூட்டத்துக்கு வீடுவீடாய் வந்து அழைத்தவர்களையும் பாடலாம். அவையடக்கம் நாலு வரி போதும். நாட்டு வளத்தில் வயலும் வாழையும் பாடுவதோடு, திண்ணையில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் தெருவையும் பாடுங்கள். அப்புறம் கதை. வாழி பாடும்போது தெருத்தெருவாகப் பெயர் சொல்லி வாழ்த்தினால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

பாட்டில் எண்களைத் திணிக்காதீர்கள். "ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் இத்தனை காசு" என்பது தாளத்தில் தடுக்கும், கேட்கிறவருக்கும் நிற்காது. கணக்கை எல்லாம் வசனத்தில் சொல்லுங்கள். பின்பாட்டுக்காரர் "ஆமா... எவ்வளவு கேட்டாவ?" என்று திருப்பிக் கேட்க, புலவர் இன்னொரு தடவை சொல்ல, அந்தத் தொகை மனதில் பதிந்துவிடும். பாட்டுக்கு வலியும் கோபமும் போதும். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடியுங்கள். கூன் விழக் குனிந்து வேலை பார்த்த முதுகுகள் அதற்கு மேல் தாங்காது. முன்வரிசையில் பாய் விரித்தால் சுவரோரமாக விரியுங்கள். முதியவர்களுக்குச் சாய்மானமுள்ள நாற்காலி போடுங்கள்.

மைக் மூன்று வேண்டும்: புலவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு ஒன்று, குடத்துக்கும் உடுக்கைக்கும் நடுவே தாழ்வாக ஒன்று. குடத்தின் வாய்க்கு நேராக வைத்தால் அதிர்வில் பேச்சு முழுகிப் போகும். கீபோர்டு சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வில்மணிச் சத்தம் செத்துவிடும். மாற்றுக் குடம் ஒன்று கையோடு இருக்கட்டும். வண்டியில் வரும்போது கீறல் விட்ட குடத்தை ஒட்டி வாசிக்க முடியாது.

கேள்வி: வில்லுப்பாட்டுக்கு வசதியில்லை. கும்மி போதுமா?
*கடையம் வாசகி*

தாராளமாகப் போதும். பார்க்க வந்தவர்களும் உள்ளே இறங்கலாம் என்பதால் சில சமயம் அதுதான் சிறந்தது. பழைய மெட்டிலேயே எழுதுங்கள். மாதிரிக்கு நாங்கள் கட்டியது:

ஆயிரம் பீடியும் சுத்திக் கொடுத்தபின்
அஞ்சு கட்டைக் கழிச்சுட்டாவடி! – அந்தக்
காரணம் என்னன்னு கேட்டுக்கிட்டே நம்ம
கைகளைக் கொட்டியே கும்மியடி!

அடிக்கு அடி மோனை (ஆயிரம் – அஞ்சு, காரணம் – கைகள்) நின்றால் மனப்பாடம் தானாக வரும். கட்டுக்கு 25 பீடி. அஞ்சு கட்டு என்றால் 125 போச்சு என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும், விளக்க வேண்டியதில்லை. வட்டத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பேர். அதற்கு மேல் போனால் எதிர்ப்பக்கம் தாளம் பிந்தும், இரண்டு வட்டமாக்கி விடுங்கள்.

கேள்வி: பீடிக் கம்பெனி ஒன்று பந்தல் செலவை ஏற்கிறேன் என்கிறது, பேனரில் அவர்கள் முத்திரை போட வேண்டுமாம்.
*பாவூர்சத்திரம் வாசகர்*

ஏற்காதீர்கள். புகையிலைப் பொருள் விளம்பரத்தைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, நன்கொடைக்கோ பரிசுக்கோ ஈடாகப் புகையிலைப் பொருளின் பெயரையும் முத்திரையையும் பரப்ப ஒப்புக்கொள்வதே குற்றம். சட்டம் கிடக்கட்டும், யாரிடம் கூலி கேட்டுப் போராடினார்களோ, அவர்கள் பெயருக்குக் கீழே அந்தப் பெண்களை உட்கார வைக்கலாமா? வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரியுங்கள். கோயில் கொடைக்குப் பிரிக்கும் ஊருக்கு இது புதிதில்லை.

கண்காட்சி வைத்தால் தட்டு, கத்தரி, இலை அளவெடுக்கும் தகடு, நூல், பழைய பாஸ்புக் எல்லாம் வைக்கலாம். பீடி லேபிள் வேண்டாம், புகையிலைத் தூளும் வேண்டாம். பிள்ளைகள் கைவிட்டு அளைவார்கள். சுற்றிக் காட்ட வேண்டுமானால் வெறும் இலையே போதும்.

கேள்வி: மார்ச் 8 அன்றேதான் நடத்த வேண்டுமா?
*மேலப்பாளையம் வாசகி*

அந்த நாளுக்கு ஒரு வரலாறு உண்டு. 1910இல் கோபன்ஹேகனில் கூடிய சோசலிஸ்ட் பெண்கள் மாநாட்டில் கிளாரா ஜெட்கினும் தோழியரும் உழைக்கும் பெண்களுக்கென்று ஒரு நாள் கேட்டார்கள். 1917 மார்ச் 8 அன்று பெத்ரோகிராடில் நெசவாலைப் பெண்கள் வேலையை நிறுத்தி ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கியது ஒரு புரட்சியையே தொடங்கி வைத்தது. ஐ.நா. கையில் எடுத்தது 1975இல்தான். நம் பக்கத்துக்கும் அந்த வாரம் அந்நியமில்லை. அன்று திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த தூத்துக்குடியில், 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் வேலைநிறுத்தம் தொடங்கி, மார்ச் முதல் வாரத்தில் வென்றது.

ஆனாலும் நாளைவிட ஆள் முக்கியம். 2025, 2026 இரண்டிலும் மார்ச் 8 ரமலான் நோன்புக்குள் வந்தது. நோன்பு வைத்துக்கொண்டு இலையும் நறுக்கிவிட்டு வரும் பெண்ணை மாலை ஐந்து மணிக்குப் பந்தலில் உட்கார வைப்பது மரியாதை ஆகாது. பெருநாள் கழித்து ஒரு விடுமுறை நாளாகப் பாருங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வும் நடக்கும். பிள்ளை படிக்கிற வீட்டுத் தாய் நிம்மதியாக உட்காரமாட்டாள். எந்த நாளானாலும் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கூம்பு வடிவக் குழாய் வேண்டாம், பெட்டி ஸ்பீக்கர் மட்டும். இரவு பத்துக்கு மேல் கூடாது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கேள்வி: ஜூலை 23 நினைவு நாளிலும் கலைநிகழ்ச்சி வைக்கலாமா?
*விக்கிரமசிங்கபுரம் வாசகர்*

அது துக்க நாள். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில், போலீஸ் தடியடிக்குப் பின் தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். பெண்களும் ஒரு சிறு குழந்தையும் அதில் அடக்கம். கரகமும் நையாண்டி மேளமும் அன்று வேண்டாம். பெயர்களை வாசியுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு நொடி அமைதி விடுங்கள், ஆற்றில் உதிரிப்பூ மட்டும் இடுங்கள். நூல் கட்டிய மாலையும் பிளாஸ்டிக் உறையும் ஆற்றுக்கு ஆகாது. ஜூலையில் அணைத் தண்ணீர் வரும், படித்துறை வழுக்கும். பத்துப் பத்துப் பேராக இறங்கச் சொல்லி, நீச்சல் தெரிந்த இருவரைக் கீழ்ப்படியில் நிறுத்துங்கள்.

2024இல் தோட்டம் மூடப்பட்டு மலையிலிருந்து இறங்கிய பெண்கள் இப்போது உங்கள் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். கொழுந்து பறித்த நாள்களை இப்போதே பதிவு செய்யுங்கள். ஊர் பிரிந்து சிதறினால், ஒருவர் மறந்ததை எடுத்துக் கொடுக்க அடுத்தவர் இருக்கமாட்டார்.

கேள்வி: பொன்னாடைக்குப் பதில் என்ன கொடுக்கலாம்? 200 பேருக்குச் சிற்றுண்டி அளவும் சொல்லுங்கள்.
*சேரன்மகாதேவி வாசகி*

பொன்னாடை பெட்டிக்குள் போய்விடும். பத்தமடைப் பாய் பக்கத்திலேயே இருக்கிறது. அதை நெய்வதும் பெண் கைகள்தான். பணம் போதாது என்றால், அவர் சொன்ன நினைவுகளை இரண்டு பக்கம் பெரிய எழுத்தில் அச்சிட்டு, படத்தோடு சட்டம் போட்டுக் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள்.

200 பேருக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 8 கிலோ. ஊறி வெந்தால் இரண்டு பங்குக்குச் சற்று மேல் வரும். முந்தின இரவே ஊறப் போடுங்கள். கருப்பட்டிக் காப்பி 30 லிட்டர், கருப்பட்டி 3 கிலோ. கல்லும் மண்ணும் இருக்கும், கரைத்து வடிகட்டாமல் சேர்க்காதீர்கள். பாராட்டுப் பெறும் பெண்களைச் சமையலுக்குக் கூப்பிட வேண்டாம். கடலை அவிப்பவர், காப்பி ஊற்றுபவர், பாத்திரம் கழுவுபவர் என்று பெயர்ப் பட்டியலை ஒரு வாரம் முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். அதில் அத்தனையும் அந்த வீட்டு ஆண்களின் பெயராக இருக்கட்டும்.