அரசிடம் இருக்கும் நம் விவரங்கள்: சில கேள்விகள், பதில்கள்

சேலத்திலிருந்து ஒருவர்: சார், பழைய பைக் வாங்கிப் பெயர் மாற்றிய மறுவாரமே இன்சூரன்ஸ்காரர்கள் போன் செய்கிறார்கள். அரசே நம் விவரத்தை விற்கிறதா?

உங்கள் நம்பர் புரோக்கர் மூலமாகவும் போயிருக்கலாம். ஆனால் அரசு விற்ற கதையும் உண்டு. 2019-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வண்டிப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுகளை மொத்தமாகக் கொடுக்க ஒரு கொள்கை கொண்டுவந்தது. நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், ஆய்வுக்குக் கேட்கும் கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். வேறு பட்டியல்களோடு ஒட்டிப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்று அந்த ஆவணத்திலேயே எழுதியிருந்தார்கள். தெரிந்தேதான் விற்றார்கள்! வருமானம் 100 கோடியைத் தாண்டியது. 2020-ல் கொள்கையைக் கைவிட்டார்கள். சரி, அதற்குள் கைமாறிய தரவு?

மதுரை மாணவி: பெயரை நீக்கிவிட்டால் போதாதா அண்ணா?

போதாதும்மா. 1990-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் இல்லாமல் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மட்டும் அப்படியே இருந்தன. லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி, அந்த மாநில ஆளுநர் வசித்த கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி அதில் 6 பேருக்கு இருந்தது. அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் அவர் ஒருவர்தான். மருத்துவப் பதிவு கையில் வந்துவிட்டது. நம் ஊராட்சி ஒன்றில் ஒரு நோய்க்கு மருந்து வாங்குபவர் ஒரே ஒருவர் என்றால், அங்கே பெயர் எதற்கு?

தஞ்சை வார்டு உறுப்பினர்: அப்படியானால் 100 நாள் வேலைக் கூலிப் பட்டியலைப் பெயரோடு இணையத்தில் போட்டது தவறுதானே?

இல்லைங்க. அது அரசுப் பணம் போன வழி. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994-லிருந்து ஊர்க்கூட்டங்களில் கூலிப் பட்டியலை உரக்கப் படித்தது. செத்தவர் பெயரும் ஊரிலேயே இல்லாதவர் பெயரும் அப்படித்தான் வெளியே வந்தன. 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு வித்து அங்கேதான். பெயர், வேலை நாள், தொகை தெரியட்டும். ஆதார் எண்ணும் முழு வங்கிக் கணக்கு எண்ணும் அங்கே வரவே கூடாது.

கோவையிலிருந்து: ஆர்.டி.ஐ.யில் எதைக் கேட்டாலும் 'தனிநபர் தகவல்' என்று திருப்பி அனுப்புகிறார்களே?

முன்பு தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, பொதுப்பணிக்குச் சம்பந்தமில்லாத தனிநபர் தகவலைத்தான் மறுக்கலாம். அதிலும் பொதுநலன் இருந்தால் தரவேண்டும். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாசகத்தை வெட்டி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. அதிகாரிகளுக்கு நல்ல வசதி, வேறென்ன? ஆனால் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது: கேடைவிடப் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம். அந்தப் பொதுநலன் என்னவென்று மனுவிலேயே இரண்டு வரி எழுதுங்கள், மேல்முறையீட்டில் கைகொடுக்கும்.

நெல்லையிலிருந்து: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொல்வது வேறு துறைக்குப் போகுமா?

போகாது. 1948 சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி உங்கள் படிவத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது, பொதுவாக நீதிமன்றத்திலும் சாட்சியமாக ஏற்கமாட்டார்கள். நாட்டில் வசிப்பவர்களின் பட்டியலான தேசிய மக்கள்தொகைப் பதிவேடு (என்.பி.ஆர்.) மட்டும் வேறு. அது குடியுரிமைச் சட்ட விதிகளின் கீழ் வருவது, இந்தப் பாதுகாப்பு அதற்கு இல்லை. வீட்டுக்கு வருபவர் கையில் இருப்பது எந்தப் படிவம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.