வீட்டை அடகு வைத்து டாக்டராக்க வேண்டாம், பிள்ளை பாறை படிக்கட்டும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் இந்த வருடம் மெட்ரிக், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு. கணிதத்திலும் பிசிக்கல் சயின்ஸிலும் 80க்கு மேல் வாங்குகிறாள். இங்கே மருத்துவ இடம் கிடைப்பது சந்தேகம். "வீட்டின் மேல் பாண்ட் (அடகுக் கடன்) எடுத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பு, குடும்பத்துக்கு ஒரு டாக்டர் வேண்டாமா?" என்று மாமா விடாமல் நெருக்குகிறார். மகளோ பாறையையும் மண்ணையும் பற்றிய ஜியாலஜிதான் வேண்டும் என்கிறாள். மணலிலும் களிமண்ணிலும் தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்து பள்ளி அறிவியல் கண்காட்சியில் வைத்த பெண் அவள்.

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. மாமாவின் யோசனை நியாயமில்லை. இங்கேயே படித்தாலும் மருத்துவம் ஆறு வருடம், அப்புறம் இரண்டு வருட இன்டர்ன்ஷிப், ஒரு வருட சமூக சேவை. வெளிநாட்டில் படித்துத் திரும்பினால் டாக்டர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் தேர்விலும் தேற வேண்டும். அத்தனை காலமும் பாண்டுக்கு வட்டி ஓடும். மனமில்லாத பிள்ளையை இதில் இறக்கினால் பாதியில் நின்றுவிடும் ஆபத்து அதிகம். அப்போது கடனைக் கட்டப்போவது மாமா இல்லை, நீங்கள்தான்.

என்ஜினியரிங், அக்கவுண்டிங் பற்றி ஊரே பேசிவிட்டது. அதனால் யாரும் சொல்லாத ஒரு துறையைச் சொல்கிறேன். பாறை இயக்கவியல், அதிலும் பாறையின் மேல் விழும் அழுத்தம் எண்ணெய், எரிவாயு ஓட்டத்தை எப்படி மாற்றுகிறது என்ற படிப்பு. உங்கள் மகள் கண்காட்சியில் கேட்ட அதே கேள்விதான், ஆழம் மட்டும் வேறு.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் சுமார் 70 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அளவு). பாறையின் நுண்துளைகளிலுள்ள திரவம் அதில் ஏறக்குறைய 30ஐத் தாங்கும், மீதி பாறை மணிகளின், அதாவது பாறையாக ஒட்டியிருக்கும் சிறு துகள்களின் மேல். லாரி டயரில் காற்று இறங்கினால் பாரம் ரப்பர் மேல் விழுவதைப் போல, எண்ணெயை எடுக்க எடுக்கத் திரவ அழுத்தம் குறைந்து பாரம் மணிகளுக்கு மாறுகிறது. துளைகள் நசுங்கும், விரிசல்கள் மூடும். விரிசலின் அகலம் பாதியானால் அதன் வழியே ஓடுவது எட்டில் ஒரு பங்காகிவிடும். எண்ணெய் உள்ளேயே இருக்கும், வெளியே வராது.

நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலில் சுண்ணப்பாறை இப்படி நசுங்கிக் கடலடியே தாழ்ந்தது. 1987ல் கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளை ஆறு மீட்டர் உயர்த்த வேண்டி வந்தது. கலிபோர்னியாவின் வில்மிங்டன் வயலுக்கு மேலே நிலம் ஒன்பது மீட்டர் அளவுக்கு இறங்கியது, தண்ணீரை உள்ளே செலுத்தித்தான் நிறுத்தினார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் எரிவாயு வயலில் நிலநடுக்கங்கள் வந்தன, 2012ல் ஹூயிசிங்க ஊரில் வந்த நடுக்கத்தின் அளவு 3.6. இதையெல்லாம் முன்கூட்டிக் கணக்கிடுவதுதான் இந்த வேலை.

"நம் நாட்டில் எண்ணெய் எங்கே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. மோசல் பே எரிவாயு தீர்ந்துபோனது. தெற்குக் கடலில் 2019ல் புருல்படா, 2020ல் லைபெர்ட் என்று கண்டுபிடித்த டோட்டல் எனர்ஜிஸ் 2024ல் விலகுவதாக அறிவித்தது. எண்ணெய் வேலையை மட்டும் நம்பி இதில் இறங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இதே அறிவுக்கு நம் சுரங்கங்களில் தேவை இருக்கிறது. 1960ல் கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கம் இடிந்து 400க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான், கூரையைத் தாங்க விட்டுவைக்கும் நிலக்கரித் தூண்கள் எவ்வளவு தாங்கும் என்ற ஆராய்ச்சி இங்கே வேகம் பிடித்தது. ம்போனெங் தங்கச் சுரங்கம் கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் ஆழம், அங்கே பாறையின் அழுத்தத்தைக் கணக்கிடாமல் வேலையே நடக்காது. நிலத்தடி நீருக்கும், கார்பன் டை ஆக்சைடைப் பூமிக்குள் சேமிக்கும் திட்டங்களுக்கும் இதே கணக்குதான்.

செலவைப் பார்ப்போம். குவாசுலு நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் ஜியாலஜி இருக்கிறது. பிள்ளை வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவு மிச்சம். பி.எஸ்சி. மூன்று வருடம், ஹானர்ஸ் ஒரு வருடம். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால் அரசின் மாணவர் உதவித் திட்டமான என்.எஸ்.எஃப்.ஏ.எஸ்.ஸுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். ஜியாலஜியோடு கணிதத்தையும் இயற்பியலையும் அவள் விடக்கூடாது, இதில் நான் கண்டிப்பு. கணிதம் இல்லாத ஜியாலஜிக்காரர் இந்தத் துறைக்குள் நுழைவது மிகக் கடினம். மேற்படிப்புக்கு விட்ஸ், பிரிட்டோரியா பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

இந்த வாரம் மகளோடு உட்கார்ந்து பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவளையே எழுதச் சொல்லுங்கள். பாண்ட் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மாமா மறுபடி கேட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள், அவருக்கும் இதையே சொல்வேன்.